நீல வயரில் பூத்த பிச்சி

கைலாசத்தின் கணினியிலிருந்து முற்றத்தைத் தாண்டி உலகம்மாளின் கணினிக்குப் போன நீல வயரில் முதல் பிச்சி மொட்டு வந்தது ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். அதை முதலில் பார்த்தவள் செண்பகம். பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அந்த வயரை இழுத்துக் கட்டிய நாளிலிருந்தே அதில் ஏதோ ஒன்று வளர்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

நயினார் வளவில் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவில் நீள முற்றம், முற்றத்தின் ஒரு முனையில் கிணறு, மறு முனையில் சுவரோடு ஒட்டிய ஒரு சின்னப் பிள்ளையார். முதல் வீட்டின் முன்னறையில் கைலாசம் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பதினாறாம் நாள் விசேஷப் பத்திரிகை எல்லாவற்றையும் கணினியில் அடித்து, பூவும் குத்துவிளக்கும் சேர்த்து, அச்சகத்துக்குக் கொடுத்துவந்தான். அவன் ஜன்னலுக்கு நேர் எதிரே, முன்பு விறகு அடுக்கியிருந்த ஒற்றை அறையில், அவன் தங்கை உலகம்மாள் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தகரப்பெட்டியோடு புருசன் வீட்டிலிருந்து வந்து இறங்கியவள். ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, ஆனால் அவள் வாசலைத் தாண்டும்போது மட்டும் வளவுப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாவு விழுந்த துட்டி வீட்டைத் தாண்டுவதுபோலத் தாண்டினார்கள்.

உலகு பீடி சுற்றினாள். காலை எட்டு மணிக்கு மடியில் சுளகை வைத்தாளானால் மதியம் ஒரு மணிவரை எழுந்திருக்க மாட்டாள். சுளகில் இலை, இலையில் தூள், தூளைச் சுருட்டியதும் நூல், நூலைச் சுற்றியதும் அடுத்த இலை, விரலெல்லாம் பழுப்பு. புதுக் கணினி வாங்கியபோது கைலாசம் பழையதைத் தங்கையின் அறையில் வைத்து, ஒலிபெருக்கி இரண்டையும் அதோடு மாட்டிவிட்டான். அவனுடைய அறையில் பாட்டு ஆகாது. வாடிக்கையாளர்கள் வந்து நின்று பெரியப்பா பெயரையும் தாய்மாமன் பெயரையும் உரக்க வாசித்துச் சரிபார்க்கிற இடத்தில் பாட்டு ஓடினால் யாராவது ஒரு மாமன் விட்டுப்போவான், ஒரு மாமன் விட்டுப்போனால் ஒரு கல்யாணமே நின்றுபோகும். ஆனால் உலகு பாட்டு மாற்ற இரண்டு தடவை தூள் படிந்த கையோடு மவுஸைத் தொட்டாள், இரண்டு தடவையும் மவுஸ் மூச்சடைத்துச் செத்துப்போனது.

"நீ எந்திரிக்கவே வேண்டாம் உலகு, நான் இங்க இருந்தே போட்டுவிடுதேன்," என்றான் கைலாசம். ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கு, துணிக்கொடிக்கு ஒரு முழம் மேலே, நீல வயரை இழுத்துக் கட்டினான். அன்றிலிருந்து அவன் கணினியின் திரையில் ஓர் ஓரமாக உலகுவின் கணினித் திரை சின்னதாகத் தெரிந்தது. இங்கே அமுக்கினால் அங்கே பாடியது, இங்கே நிறுத்தினால் அங்கே நின்றது.

செண்பகம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். அங்கிருந்து பார்த்தால் புருசனின் முகம் தெரியாது, முதுகும் வலது கையும் மட்டும் தெரியும். கை நாள் முழுக்க மவுஸ்மேல் இருக்கும். ஒரு 'டிக்' கேட்கும், எதிர் அறையில் ஒரு பாட்டு தொடங்கும். இன்னொரு 'டிக்', இன்னொரு பாட்டு. நாலு வருடமாக அந்தக் கை அவளுக்கு ஒரு பாட்டு போட்டதில்லை, உனக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை; கேட்காத ஆளிடம் போய் எப்படிச் சொல்வது? அவன் பத்து மணிக்கு அச்சகம் போனபிறகும் எதிர் அறையில் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஊருக்குப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டுவதுபோலத் தங்கைக்குப் பாட்டை வரிசையாகக் கட்டி வைத்துவிட்டுப் போகிறான் என்று செண்பகம் நினைப்பாள். நினைத்ததும் வெண்டைக்காய் தேவைக்குமேல் பொடிசாக நறுங்கிப்போகும்.

மொட்டு வந்த அன்று சாயங்காலமே மலர்ந்தது. மறுநாள் ஏழு, அதற்கு மறுநாள் முப்பது. வயரின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை விட்டு, ஒரு பாட்டு போனால் ஒரு மொட்டு என்று காலையிலிருந்து வரிசையாக வந்து, ஐந்து மணிக்கு எல்லாம் ஒன்றாக வாய் திறந்தன. நாலாம் வீட்டு ஆனந்தவல்லி டீச்சர்தான் முதலில் ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்தாள். வைத்தவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் திரும்பிப் பார்த்தாள், பிறகு பிடரியைத் தொட்டுக்கொண்டு, "பாடுதுல்லா," என்றாள். ஆமாம், பாடியது. எந்தப் பாட்டு போனபோது வந்த மொட்டோ அந்தப் பாட்டை, கொசு காதோரம் பேசுகிற அளவு சத்தத்தில், வாடுகிறவரை பாடியது.

நயினார் வளவு அதை மூன்று நாளில் பழகிக்கொண்டது. வயர் போகிற முற்றம் தன்னுடையது என்பதால் முதல் பூ தனக்கு என்று வளவுக்காரம்மா சொன்னாள். முதல் பூ பிள்ளையாருக்கு என்று மற்ற ஏழு வீடும் சொன்னதால் அவள் வாயை மூடிக்கொண்டாள், பிள்ளையாரும் அன்றுமுதல் தினம் ஒரு காதலோ ஒரு ஒப்பாரியோ எது வந்ததோ அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். டிவி கேபிள்காரர் வந்து ஏணி போட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம கேபிள்ல இதெல்லாம் வராது, இது வேற வயரு," என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். தெருவில் பூ விற்கிற பேச்சியம்மாள் சண்டை பிடிக்கத்தான் வந்தாள், வந்தவள் டீச்சர் தொடுத்திருந்த சரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "இப்படி நெருக்கிக் கட்டுனா ஒரு பாட்டும் இன்னொரு பாட்டும் மல்லுக்கு நிக்காதா? ஒரு வெரல் இடம் விட்டுக் கட்டுங்க," என்று உட்கார்ந்து கட்டிக் காட்டி, கூலியாக ஒரு தாலாட்டை வாங்கிச் செருகிக்கொண்டு, பஸ்ஸில் தூங்கிப்போய் இரண்டு ஊர் தாண்டி இறங்கினாள். பங்கு பிரிப்பதில் மட்டும் சில நாள் தகராறு இருந்தது. ஏழாம் வீட்டு மைமூன் அக்கா யோசனை சொன்னாள். வீட்டுக்கு ஒருத்தி தட்டோடு வரவேண்டும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டும், கையில் வந்தது அவரவர் பாட்டு, மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் மாற்றிக்கொண்டார்கள்.

கைலாசம் ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஈரக்காத்துல்லா, முளைக்கத்தான் செய்யும்," என்றான். சொல்லிவிட்டுத் திரும்பவும் மவுஸைப் பிடித்துக்கொண்டான்.

செண்பகம் மட்டும் அந்தப் பூவைத் தலையில் வைக்கவில்லை. கேட்டவர்களிடம் பிச்சி வாசம் தனக்கு மண்டையிடி என்றாள். ஒருத்திக்குப் போட்ட பாட்டை இன்னொருத்தி எச்சில்போல எடுத்துத் தலையில் வைப்பதா என்பது உள்ளே இருந்த காரணம். அதை வெளியே சொல்ல முடியாது. யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்று சொல்லவேண்டுமே. ஒரு தகரப்பெட்டியோடு வந்தவளைப் பார்த்து, விறகு அறையில் இருப்பவளைப் பார்த்து, புகையிலை நெடியில் இருமுகிறவளைப் பார்த்துப் பொறாமை என்று சொன்னால் வளவே சிரிக்கும். பணக்காரியைப் பார்த்துப் பட்டால் அது ஆசை, அழகியைப் பார்த்துப் பட்டால் அது இயல்பு, பாவப்பட்டவளைப் பார்த்துப் பட்டால் அதற்குப் பெயரே கிடையாது. பெயரில்லாத அதை அவள் அடுப்பங்கரையில் ஒளித்து, எட்டு மாதம் வளர்த்தாள். மதியச் சாப்பாட்டைக்கூட உலகுவின் வாசற்படியில் வைத்துவிட்டு, நிலையைத் தட்டிவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பிவிடுவாள்.

சித்திரை மாதம் ஒரு வாடிக்கையாளர் பழைய பாட்டுகள் அடங்கிய குறுந்தட்டு ஒன்றைக் கொடுத்தார். கைலாசம் அதை அப்படியே ஏற்றிவிட்டான். நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்குச் செண்பகம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, எதிர் அறையிலிருந்து அந்தப் பாட்டு வந்தது.

அது ஓர் ஓடக்காரனைக் கூப்பிடுகிற பாட்டு. இந்தக் கரையில் ஒரு பெண், கையில் எதுவும் இல்லாமல், அந்தக் கரையில் தூங்குகிற ஓடக்காரனை எழுப்புகிறாள். கடைசிவரை அவன் எழுந்தானா என்று பாட்டு சொல்லாது. கல்யாணமான பத்தாம் நாள் பாபநாசம் போகிற பஸ்ஸில் அதைக் கேட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கைலாசம், பாட்டு முடிகிறவரை, ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் தட்டினான். அந்தக் கம்பியின் மறு நுனியை அவள் பிடித்திருந்தாள். தாளம் கம்பி வழியாக வந்து அவள் உள்ளங்கையில் தட்டியது. நாலு வருடமும் அவள் கையில் எங்கேயோ அது தட்டிக்கொண்டுதான் இருந்தது.

கயிறு நழுவியது. வாளி உருளையில் மோதி, சுவரில் மோதி, தண்ணீரில் விழுந்தது. அந்தப் பாட்டையா? அதையுமா அங்கே போட்டுவிட்டான்?

பாட்டு முடிந்ததும், உலகு சுற்றுகிற பீடி அளவில் ஒரு மொட்டு துணிக்கொடிக்கு மேலே தலைகாட்டியது. அன்று அந்தப் பாட்டு என்ன காரணத்தாலோ நாலு முறை வந்தது. சாயங்காலம் டீச்சர் தலையில் அது, மைமூன் அக்கா தலையில் அது, வளவுக்காரம்மா தலையில் அது, பிள்ளையார் தலையிலும் அது. முற்றமெங்கும் ஒரு பெண் ஓடக்காரனைக் கூப்பிட்டாள்.

"இது என்ன பாட்டு செண்பகம்?" என்றாள் மைமூன் அக்கா. "கேக்கக் கேக்க, பையத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போவணும்போல இருக்கு."

"எனக்குத் தெரியாது," என்றாள் செண்பகம்.

மறுநாள் பத்து மணிக்குக் கைலாசம் அச்சகத்துக்குப் போனதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்லூரியில் கணினிப் பாடம் படித்தவள்தான். ஓரமாகத் தெரிந்த அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அம்பைக் கொண்டுபோய் நிறுத்த அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் நிறுத்தினாள். எதிர் அறையில் பாதி வரியில் பாட்டு அறுந்தது. ஜன்னல் வழியாக உலகுவின் குனிந்த தலை நிமிர்வது தெரிந்தது. செண்பகம் பட்டியலைக் கீழே இழுத்துப்போய், தேடி, ஒரு சிரிப்புப் பாட்டை எடுத்தாள். மூன்று நாள் விருந்து முடிந்தும் போகாத விருந்தாளியை வீட்டுக்காரர்கள் இடித்துப் பாடுகிற பாட்டு. செருப்பு வாசலில் இருக்கிறது, குடை மூலையில் இருக்கிறது, பஸ் தெருமுனையில் இருக்கிறது, இன்னும் என்ன மாமா என்று முடியும். முடிந்ததும் மறுபடியும் அதையே அமுக்கினாள். அன்று பதினேழு முறை அமுக்கினாள்.

அடுத்த நாள் காக்கையை விரட்டுகிற பாட்டு. அதற்கடுத்த நாள் இரண்டு பெண்கள் குழாயடியில் ஏசிக்கொள்கிற பாட்டு. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிவரை, பழைய நாடகப் பாட்டு முதல் நேற்றைய குத்துப்பாட்டு வரை அத்தனையையும் கிளறி, எந்த வரி எங்கே குத்தும் என்று முழுதாகக் கேட்டு, கேட்டதை மனசில் எடைபோட்டு, அவள் தேர்ந்தெடுத்தாள். நாலு வருடமாக யாரும் எதையும் கேட்காத ஒருத்தி, ஒரு ஆளுக்கென்று உட்கார்ந்து இவ்வளவு பாடுபட்டுத் தேடியது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் வந்த பூக்கள் வேறு மாதிரி இருந்தன. காம்பு தடித்து, இதழின் அடியில் செம்பு நிறம் ஓடி, தெருமுனைவரை வாசம் அடித்தது. "இப்பதான் உம் புருசனுக்குக் கை வந்திருக்கு," என்றாள் வளவுக்காரம்மா. அந்தப் பாராட்டு அவனுக்குப் போனதிலும் செண்பகத்துக்கு வயிறு எரிந்தது. அந்தப் பூவை வைத்தவர்களுக்கு வாய் நீண்டது. ஆனந்தவல்லி டீச்சர் பதினோரு வருடமாகத் தலைமையாசிரியரிடம் சொல்ல நினைத்திருந்ததைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வைத்துச் சொன்னாள். மைமூன் அக்கா தன் மாமியாரிடம், பிரியாணிக்கு அரிசி ஊறவைக்க எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று சந்தேகப்பட்டு, இன்னொரு முறை சொன்னாள். எட்டு வீட்டிலும் சண்டை நடந்து, எட்டு வீட்டிலும் அடைத்துக்கிடந்த ஏதோ ஒன்று திறந்து, புருசன்மார்கள் ஐந்து மணிக்கு முற்றத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வளவு இதையும் பழகிக்கொண்டது. "இந்த வாரப் பூவுக்கு வாய் ஜாஸ்தி," என்று சொல்லி, ஆளுக்கு ஒரு பூ கூடுதலாகக் கேட்டார்கள்.

உலகு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கை பாட்டோடு போகிற கை. மெல்லிசைக்கு ஒரு மாதிரி சுற்றும், வேகப் பாட்டுக்கு ஒரு மாதிரி சுற்றும். அந்த வாரம் அவள் சுற்றிய பீடியெல்லாம் ஆணிபோல இறுகி, பீடிக் கடையில் பாதியைக் கழிவு என்று தள்ளிவிட்டார்கள். கழிவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் முற்றத்தைக் கடந்துபோவதைச் செண்பகம் அடுக்களை வாசலிலிருந்து பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். புளித்த ஏப்பம்போல ஏதோ வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது, ரசம் ஊற்றிக்கொண்டே, ரசத்தைப் பற்றிக் கேட்பதுபோல, அவள் கேட்டாள். "அந்த ஓடக்காரன் பாட்ட எதுக்கு உலகுக்குப் போட்டீங்க?"

"எந்த ஓடக்காரன்?"

"அக்கரையில தூங்குவான்லா, அந்தப் பாட்டு. போன வாரம் நாலு தடவ போட்டீங்க."

கைலாசம் சிரித்தான். "நான் எங்கட்டி பாட்டுப் போடுதேன்? காலைல ஒரு அமுக்கு அமுக்கிவிட்டா சீட்டுக்கட்டு மாதிரி அதுவே கலைச்சுக் கலைச்சுப் போட்டுக்கிடும். என்ன ஓடுதுன்னே எனக்குத் தெரியாது."

"நாள் பூரா மவுஸ அமுக்குதீங்களே."

"அது பத்திரிகை வேலைலா. ஒரு குத்துவெளக்க நடுவுல கொண்டாந்து வைக்க இருவது அமுக்கு அமுக்கணும்." அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டபிறகு, மரியாதைக்காகக் கேட்டான். "நல்ல பாட்டா அது?"

செண்பகம் ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். எட்டு மாதம் அவள் எண்ணிவைத்த ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு குத்துவிளக்காக மாறிப்போனது. யாரும் யாருக்கும் எதையும் போடவில்லை. அவ்வளவு பெரிய பொறாமை, போய்ச் சேர இருந்த வீடு இடிந்துபோன ஆள்போல, பையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றது. அவன் தங்கைக்குப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. போட்டிருந்தால் அந்தப் பாட்டு என்னவென்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு மூன்று நாள் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பாட்டுகள் தம்பாட்டுக்குக் கலைந்து கலைந்து ஓடின. பூக்கள் சிறுத்து, பழையபடி வெளுத்தன. டீச்சர் தட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன சப்புன்னு இருக்கு," என்றாள்.

நாலாம் நாள் மதியம் உலகுவின் வாசற்படியில் சாப்பாட்டுத் தட்டை வைத்து, நிலையைத் தட்டிவிட்டுத் திரும்பியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வச்சிட்டு ஓடாதீங்க மைனி. ஏன், நாலு நாளா நீங்க பாட்டுப் போடல?"

செண்பகத்துக்குக் காது மடல் சுட்டது. "நான் எங்க போட்டேன்? உங்க அண்ணன்லா..."

"அண்ணன் போட்டா சாமி பாட்டுக்கு அடுத்தாப்ல குத்துப்பாட்டு வரும், தாலாட்டுக்கு அடுத்தாப்ல ஒப்பாரி வரும். விருந்தாளி பாட்ட பதினேழு தடவ போட அண்ணனுக்கு ரோசம் எங்க இருக்கு?"

உலகு தலையைத் தூக்காமல் நூலைச் சுற்றினாள். சுளகுக்குப் பக்கத்தில் கழிவாக வந்த பீடிகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

"தெரிஞ்சா ஏன் பேசாம இருந்த?" என்றாள் செண்பகம்.

"எதுக்குப் பேசணும்? நான் வந்து ரெண்டு வருசமாச்சு. டீச்சர் என்னப் பாத்தா 'ப்ச்'ங்கா. மைமூன் அக்கா நோம்புக் கஞ்சிய எனக்கு மட்டும் பெரிய தூக்குல தாரா. அண்ணன் எம் மொகத்தப் பாத்தே பேச மாட்டேங்கான். எல்லாருக்கும் நான் பாவம். நீங்க ஒருத்திதான் மைனி பத்து மணியானா வந்து உக்காந்து, தேடித் தேடி, எனக்குன்னு எடுத்து ஏசுனது. ஏசுததுக்காவது ஒரு ஆளு இருக்கேன்னு இருந்துச்சு."

"பீடியெல்லாம் கழிவாப் போச்சுல்லா."

"கோவத்துல இறுக்கிட்டேன். இழுத்தா புகையே வரலையாம்." உலகு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் சிரிப்பு இருந்தது. "குடிக்கவன் நெஞ்சுக்கு நல்லதுதான?"

செண்பகம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்.

"ஒண்ணு கேக்கேன். அந்த ஓடக்காரன் பாட்டு உங்க பாட்டா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு அது பாடயில கிணத்துல வாளி விழுந்த சத்தம் கேட்டுச்சு. நாலு வருசமா நீங்க வாளிய விட்டதில்லன்னு வளவுக்கே தெரியும்."

"சோறு ஆறுது, சாப்பிடு," என்று சொல்லிவிட்டுச் செண்பகம் வேகமாக முற்றத்தைக் கடந்தாள். பாதி முற்றத்தில் மறுபடியும் அந்தப் பொறாமை வந்து அவளைப் பிடித்தது. வாளி விழுந்ததைக் கேட்க வேண்டிய காது எது, கேட்ட காது எது? உலகு பாட்டைத்தான் எடுத்துக்கொண்டாள் என்று பார்த்தால், தான் அந்தப் பாட்டுக்குள் ஒளித்துவைத்திருந்ததையும் எடுத்துவிட்டாளே.

மறுநாள் காலை பத்து மணிக்கு நயினார் வளவு இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தது. உலகம்மாள் சுளகை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு எழுந்தாள். கிணற்றடிக்கு வந்து, சீயக்காயும் எலுமிச்சைத் தோலும் போட்டு, பழுப்புப் போகிறவரை கையைத் தேய்த்துக் கழுவினாள். சேலையில் துடைத்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் கழுவினாள். "உடம்புக்குச் சுகமில்லையா?" என்று டீச்சர் வீட்டிலிருந்து குரல் வந்தது. "சுகமாத்தான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர் அறைப் பாட்டு நின்று, காலையில் வந்த மொட்டுகள் உதிர்ந்து, வயரிலிருந்த இலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. எட்டு மாதமாக உலகுவின் ஜன்னலைப் பார்த்து நின்ற இலைகள், வகுப்பில் பிள்ளைகள் திரும்பி உட்காருவதுபோல, வரிசையாகக் கைலாசத்தின் ஜன்னலைப் பார்த்துத் திரும்பின. அச்சகத்துக்குப் புறப்படாமல் அவசர வேலையாக ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த கைலாசத்தின் திரையில், குத்துவிளக்குக்கும் தாய்மாமன்களுக்கும் நடுவே ஒரு சின்னச் சதுரம் தானாகத் திறந்தது, அம்பு தானாக நகர்ந்து எதையோ அமுக்கியது. "மவுஸ் கெட்டுப்போச்சு," என்று சொல்லி அவன் மவுஸை இரண்டு தட்டுத் தட்டினான். சத்தம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கணினிக்கு ஒலிபெருக்கியே கிடையாது. அனுப்பிய பாட்டுக்கு வெளியே வர ஒரு வழிதான் இருந்தது.

வயர் ஜன்னலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைகிற இடத்தில், உள்பக்கமாக, அடுக்களை வாசலில் உட்கார்ந்தால் மட்டும் தெரிகிற மூலையில், ஒரே ஒரு மொட்டு வந்தது.

செண்பகம் அன்று காய் நறுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு அது மலர்ந்ததும் எழுந்து போய், காம்பு நோகாமல் கிள்ளி, கல்யாணமான பத்தாம் நாள் எப்படி வைத்தாளோ அப்படி, காதுக்குப் பின்னால் இறுக்கி வைத்தாள். இந்தக் கரையில் ஒரு பெண் கூப்பிட்டாள். செண்பகத்தின் உள்ளங்கை அரித்தது.

வாசலில் தட்டுகள் வந்து நின்றன. "என்ன செண்பகம், வயர்ல ஒரு மொட்டுகூட இல்லையே?" என்றாள் டீச்சர்.

"இன்னைக்குப் பூ இல்ல."

"அப்போ உன் தலையில இருக்கது?"

"அது வீட்டுப் பூ."

"வயர் போறது எம் முத்தத்துல," என்று வளவுக்காரம்மா தொடங்கினாள். செண்பகம் முந்தானையை இழுத்து, மழைக்குப் போர்த்துவதுபோல, தலையை மூடிக்கொண்டாள். இத்தனை மாதம் மண்டையிடி என்று சொன்னவள் இப்படி மூடுவதைப் பார்த்த மைமூன் அக்கா தன் தட்டைக் கவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "வாங்க போவோம். இது பங்கு வைக்கிற பூ இல்ல," என்று சொல்லி மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனாள்.

முன்னறையில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. கைலாசம் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னமோ பாட்டுக் கேக்கே."

அவன் எழுந்து பக்கத்தில் வந்து, காதைச் சாய்த்தான். அவள் தலையை நகர்த்தினாள். அவன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான், அவள் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"எங்கயோ கேட்ட மாதிரி இருக்குட்டி. யாரு போட்டது?"

அவன் கண் ஜன்னலுக்குப் போனது, ஜன்னலிலிருந்து வயருக்கு, வயரிலிருந்து எதிரும் புதிருமாக நின்ற ஏழு வீட்டு வாசல்களுக்கு. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்றது. அந்த முகத்தைச் செண்பகத்துக்குத் தெரியும். எட்டு மாதமாக அடுக்களைக் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம் அது. எதிர் அறையில் உலகு மறுபடியும் சுளகை மடியில் எடுத்து வைத்திருந்தாள். குனிந்த தலை குலுங்கியது, இருமலா சிரிப்பா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"யாருக்கோ போட்டது. நீங்க வேலயப் பாருங்க," என்றாள் செண்பகம், முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு. "மாமன் பேரு விட்டுப்போவும்."

அவன் போய் உட்கார்ந்தான். ஒரு வரி அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், இன்னொரு வரி அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வைகாசி மாதம் இரண்டாம் முகூர்த்தத்துக்கு அச்சாகி, மஞ்சள் தடவி, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் பார்த்தார்கள், அந்தப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இல்லை.